மனரம்மியத்தைப் போதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புது வருஷ ஆராதனை முடிந்து வாக்குத்தத்த அட்டைகள் கைக்கு வந்த சில வாரங்களில், எங்கள் சேகரத்தில் (பல சபைகள் சேர்ந்த வட்டாரத்தில்) வீட்டு ஜெபக்குழுக்களை நடத்தப் புதியவர்கள் பொறுப்பேற்பார்கள். பெரும்பாலும் இளம்பெண்கள். வேதம் தெரியும், பாட்டு நன்றாக வரும், ஊழியத்தில் வாஞ்சையும் உண்டு. அவர்களோடு வீடு வீடாகப் போகும்போது, மனரம்மியம், அதாவது 'போதுமென்கிற மனது' என்ற பொருளில் பேச ஆரம்பித்ததும், அந்த வயதில் நாங்கள் இடறின அதே இடங்களில் இவர்களும் இடறுவதைப் பார்க்கிறேன். காலையில் ஜெபி, வேதத்தை ஒழுங்காக வாசி, அடுத்தவரைப் பார்த்துப் பொறாமைப்படாதே என்பதெல்லாம் ஞாயிறு பள்ளியிலேயே கேட்ட விஷயங்கள். அவற்றை இங்கே எழுதப்போவதில்லை. வாஞ்சையுள்ளவர்கள் அந்த வாஞ்சையினாலேயே செய்கிற தவறுகளைத்தான் எழுதுகிறேன். அவற்றில் ஒன்று, கஷ்டப்படுகிறவர்களை ஜெபக்கூட்டத்தை விட்டே விரட்டிவிடுகிறது.

13-ஆம் வசனத்தை மட்டும் எடுத்துக்கொள்வது

"என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு." பிலிப்பியர் 4:13. ஆட்டோவின் பின்கண்ணாடியில் இருக்கும், பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் போகிற பிள்ளையின் பேனா டப்பாவில் இருக்கும், கடைத் திறப்பு விழா அழைப்பிதழிலும் இருக்கும். பரீட்சைக்குப் போகிற பிள்ளை அதைச் சொல்லி ஜெபிப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் வேதபாடம் நடத்துகிறவர் அதற்கு முந்தின வசனத்தை வாசிக்காமல் போனால் வருத்தம்தான். "தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும், வாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும்" என்று சொல்லி, திருப்தியையும் பட்டினியையும் ஒரே வரியில் வைத்துவிட்டுத்தான், இந்த நிருபத்தை எழுதின அப்போஸ்தலன் பவுல் 13-ஆம் வசனத்துக்கு வருகிறார். எழுதின இடமோ சிறை. 'எல்லாவற்றையும்' என்று அவர் சொல்வதில் பட்டினியும் சேர்த்தி. இதைச் சொல்லிக்கொடுக்காவிட்டால், மதிப்பெண் குறைந்த பிள்ளை தன் விசுவாசம் பொய்யோ என்று வீட்டுக்குள் முடங்கிப்போகும். அப்படி முடங்கின பிள்ளைகளைத் தேடிப்போய்ப் பேசியிருக்கிறேன்.

அழுகிறவரை அவிசுவாசி என்று நினைப்பது

சங்கீதம் 131-இல் மொத்தம் மூன்றே வசனங்கள். அதில் தாவீது தன் ஆத்துமாவைப் பால்மறந்த குழந்தைக்கு ஒப்பிடுகிறார். பால்குடி மறக்கடித்த தாய்மார்களுக்கு அது எப்படி நடக்கும் என்று தெரியும். வேப்பிலை அரைத்துத் தடவின பிறகு குழந்தை இரண்டு மூன்று இரவுகள் வீட்டையே எழுப்பிவிடும். அந்த அழுகை ஓய்ந்த பிறகுதான், பாலுக்காக இல்லாமல் தாய்க்காகவே மடியில் வந்து படுக்கும். அந்த இரவுகள் இல்லாமல் அந்த அமர்ச்சி வராது. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13-ஆம் சங்கீதத்தில் கேட்டவரும் இதே தாவீதுதான். ஆகவே ஜெபக்குழுவில் ஒருவர் உடைந்து அழுதால், உடனே "ஸ்தோத்திரம் சொல்லுங்க" என்று வாயை அடைக்க வேண்டாம். அழுது முடிக்கட்டும்.

பசித்திருப்பவரிடம் போய்ப் போதும் என்று சொல்வது

இதுதான் என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியாத தவறு. நீளமாகவே எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் பெண்கள் வீட்டுத் திண்ணையில் மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றுவார்கள். கடையில் இலையும் தூளும் நிறுத்துக் கொடுப்பார்கள். இலை கிழிசலாக இருந்தால் கணக்குக்குப் பீடி வராது. குறைகிற இலையை அவர்களே கைக்காசு போட்டு வாங்கிச் சேர்க்க வேண்டும். கட்டுக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தால், பரிசோதிக்கிறவர் ஒரு பிடியை எடுத்துக் கழிவு என்று ஒதுக்குவார். ஒதுக்கினதற்குக் கூலி கிடையாது, பீடியும் திரும்பி வராது. அப்படிச் சுற்றுகிற ஒரு பெண் எங்கள் ஜெபக்குழுவுக்குத் தவறாமல் வருவார். ஒரு வாரம் விண்ணப்பம் சொல்லச் சொன்னபோது, கழிவு அதிகமாகக் கழிக்கிறார்கள், பி.எஃப். புத்தகத்தில் பல மாதமாக வரவு ஏறவில்லை, கேட்டால் இலை தரமாட்டோம் என்கிறார்கள், ஜெபம் பண்ணுங்கள் என்றார். அன்றைக்கு நடத்தின தங்கச்சி மனதாரத்தான் சொன்னாள்: "அக்கா, இருக்கிறது போதும்னு இருங்க. 1 தீமோத்தேயு 6:6 எடுத்து வாசிங்க. போதுமென்கிற மனதுடனே கூடிய தேவபக்தியே மிகுந்த ஆதாயம்." எல்லாரும் ஆமென் சொன்னார்கள். அடுத்த வாரம் அந்தப் பெண் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

நான் அவர் வீட்டுக்குப் போனேன். தட்டிலிருந்து கையை எடுக்காமலே பேசினார். இலையை அளவுக்கு நறுக்கி, தூளை வைத்து, சுருட்டி, நுனியை மடக்கி, நூலைச் சுற்றி அறுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்: "எனக்கு ஆசை கிடையாதுன்னு ஆண்டவருக்குத் தெரியும்க்கா. நான் கேட்டது என் கூலியத்தான்."

இதற்கு நம்மிடம் என்ன பதில் இருக்கிறது? வேதத்தில் இருக்கிறது, ஆனால் அந்தத் தங்கச்சி எடுத்த வசனத்தில் இல்லை. யாக்கோபு 5:4-ஐ எடுங்கள். வயலை அறுத்தவர்களின் பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்றும், அந்தக் கூக்குரல் சேனைகளுடைய கர்த்தரின் செவிகளில் பட்டது என்றும் அங்கே எழுதியிருக்கிறது. அந்தப் பெண்ணின் விண்ணப்பத்துக்கு நேர் வசனம் அதுதான். அதை வாசித்திருந்தால், தன் கணக்கை ஆண்டவரும் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற நம்பிக்கையோடு அவர் வீட்டுக்குப் போயிருப்பார். நாமோ, ஆசைப்படுகிறாய் என்று குற்றம்சாட்டி அனுப்பிவிட்டோம்.

போதும் என்ற வார்த்தை வேதத்தில் யாரிடம் சொல்லப்படுகிறது என்று ஒருமுறை உட்கார்ந்து தேடிப் பாருங்கள். லூக்கா 3:14-இல் யோவான்ஸ்நானகன் "உங்கள் சம்பளமே போதுமென்றும் இருங்கள்" என்கிறார். யாரிடம்? போர்ச்சேவகரிடம். மிரட்டிப் பிடுங்கக் கையில் அதிகாரம் உள்ளவர்களிடம். அதே வசனத்தில், ஒருவருக்கும் இடுக்கண் செய்யாதீர்கள் என்றும் சொல்கிறார். 1 தீமோத்தேயு 6-இல் பவுல் போதுமென்கிற மனதைப் பற்றிச் சொன்ன கையோடு, ஐசுவரியவான்களாக விரும்புகிறவர்கள் சோதனையில் விழுகிறார்கள் என்று எச்சரிக்கிறார். அதற்கு முன்னாலேயே, தேவபக்தியை ஆதாயத் தொழிலென்று எண்ணுகிறவர்களைத்தான் கண்டிக்கிறார். எபிரெயர் 13:5, இருக்கிறவைகள் போதும் என்பதைப் பண ஆசையில்லாதவர்களாய் நடங்கள் என்பதோடு சேர்த்தே சொல்கிறது. பீடி சுற்றுகிறவருக்குச் சொல்லும் முன், கழிவு என்று ஒதுக்கி வைக்கிறவருக்குச் சொல்ல வேண்டிய வசனங்கள் இவை. அவரும் ஏதோ ஒரு சபையில் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்திருக்கக்கூடும்.

பவுலும் அநியாயத்தைக் கண்டு பேசாமல் இருந்துவிட்டவர் அல்ல. பிலிப்பி பட்டணத்திலேயே பாருங்கள். அப்போஸ்தலர் 16-இல் அவரையும் சீலாவையும் அடித்து, கால்களைத் தொழுமரத்தில் மாட்டி வைக்கிறார்கள். நடுராத்திரியில் இரண்டுபேரும் ஜெபம்பண்ணிப் பாடுகிறார்கள். இதை எல்லாரும் பிரசங்கிக்கிறார்கள். விடிந்ததும், போகலாம் என்று அதிகாரிகள் ஆள் அனுப்பியபோது பவுல் என்ன சொன்னார்? ரோமராகிய எங்களை விசாரியாமல் வெளியரங்கமாய் அடித்துவிட்டு இப்போது இரகசியமாய் அனுப்புகிறார்களோ, அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்து விடட்டும் என்றார். அதிகாரிகள் வந்து தயவாய்க் கேட்டுக்கொண்டுதான் அழைத்துப்போனார்கள். ராத்திரி பாடினவரும் காலையில் நியாயம் கேட்டவரும் ஒரே ஆள். மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன் என்று பின்னால் (பிலிப்பியர் 4:11) எழுதினதும் இந்த ஊர் சபைக்குத்தான். நியாயம் கேட்டதால் அவருடைய மனரம்மியம் குறைந்துபோகவில்லை.

நம் மாவட்டத்திலேயே ஒரு சாட்சி உண்டு. 1901-இல், கோயிலுக்குப் பொட்டுக்கட்டுவதற்காகப் பெருங்குளத்துக் கோயில் வீட்டில் வைத்திருந்த பிரீனா என்கிற ஏழு வயதுச் சிறுமி அங்கிருந்து தப்பி, பண்ணைவிளையில் மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரிடம் ஓடி வந்தாள். அதற்கு முன்பும் ஒருமுறை அவள் தூத்துக்குடியில் இருந்த தன் தாயிடம் ஓடியிருக்கிறாள். தாய் திருப்பி ஒப்படைத்துவிட்டார், அதற்குத் தண்டனையாகப் பிள்ளையின் கையில் சூடு வைத்தார்கள். கிடைத்த இடத்தில் பொறுத்திரு என்று அம்மையார் அந்தக் குழந்தைக்குப் போதிக்கவில்லை. அணைத்து வைத்துக்கொண்டார், பகையையும் ஏற்றுக்கொண்டார். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வீடாக இருந்த டோனாவூர் ஐக்கியம் அதிலிருந்து வளர்ந்தது. அதே அம்மையார் 1931-இல் விழுந்து அடிபட்டு, 1951-இல் மரிக்கும்வரை பெரும்பாலும் ஒரே அறைக்குள் படுக்கையில் இருந்தார். அங்கிருந்தே எழுதினார், பிள்ளைகளுக்காக ஜெபித்தார். தன் வலியில் அமர்ந்திருக்கத் தெரிந்தவர், பிறர் வலியைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருக்கவில்லை. மனரம்மியத்தைப் பற்றி எத்தனை பாடம் எடுத்தாலும் இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லாத பாடம் அரைகுறைதான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குடித்துவிட்டு வந்து அடிக்கிற கணவனைப் பற்றி ஒரு பெண் வாய்திறந்தால், தயவுசெய்து அந்த இடத்தில் மனரம்மியம், பொறுமை, சிலுவை சுமத்தல் என்று ஆரம்பிக்காதீர்கள். அவர் பாதுகாப்பாகத் தூங்க இன்றிரவு ஒரு வீடு இருக்கிறதா, பிள்ளைகள் எங்கே என்று கேளுங்கள். 181 என்கிற பெண்கள் உதவி எண்ணைச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் கூடவே போங்கள். வசனம் பிறகு வாசிக்கலாம்.

பிறகு அந்தத் தங்கச்சிக்கு நான் காட்டினது பிலிப்பியர் 4:14. எனக்கு எல்லாவற்றுக்கும் பெலனுண்டு என்று சொன்ன மறுவரியிலேயே பவுல் எழுதுகிறார்: "ஆனாலும், நீங்கள் என் உபத்திரவத்தில் என்னுடனே உடன்பட்டது நலமாயிருக்கிறது." நான் திருப்தியாக இருக்கிறேன், நீங்கள் உதவத் தேவையில்லை என்று அவர் எழுதவில்லை. தெசலோனிக்கேயில் இருந்தபோது அவர்கள் அனுப்பினதை நினைவுகூருகிறார், எப்பாப்பிரோதீத்துவின் கையில் வந்ததைச் சுகந்த வாசனையான பலி என்கிறார். மனரம்மியம் பவுல் கற்றுக்கொள்ள வேண்டியது, உடன்படுவது பிலிப்பியர் செய்ய வேண்டியது. பவுலின் பாடத்தைப் பிலிப்பியர் அவருக்கு நடத்தவில்லை. ஒருவர் வீட்டில் அரிசி இல்லை என்றால் நாம் பிலிப்பியர், அவர் பவுல். 11-ஆம் வசனத்தை அவரே ஒருநாள் வாய்திறந்து சொல்லட்டும். நம்முடைய வசனம் 14.

அவள் புரிந்துகொண்டாள். அந்தப் பெண்ணிடம் போய் மன்னிப்புக் கேட்டாள். சபைப் பெண்களின் ஐக்கிய சங்கத்தில் பி.எஃப். விவரம் தெரிந்த ஒரு அக்காவைக் கூட்டிக்கொண்டு, பாஸ்புத்தகங்களை வாங்கி உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்கள். அதே தெருவில் வரவு ஏறாத புத்தகங்கள் இன்னும் இருந்தன. எல்லாரும் சேர்ந்துதான் கடைக்குப் போனார்கள். விடுபட்ட வரவு கொஞ்சம் ஏறியது, மீதிக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறார்கள். அந்தப் பெண் ஜெபத்துக்கு வர வெகுகாலம் பிடித்தது. இப்போதும் விண்ணப்பம் சொல்லச் சொன்னால் கொஞ்சம் யோசித்துத்தான் வாயைத் திறக்கிறார்.

கடன் வாங்கிக் காணிக்கை போடச் சொல்வது

கூடாது. வட்டிக்கு வாங்கின பணத்தை விசுவாச விதை என்று யாரையும் போடவைக்காதீர்கள்.

ஆவிக்குரிய வளர்ச்சியை எண்ணிப் பார்ப்பது

எத்தனை அதிகாரம் வாசித்தாய், எத்தனை நாள் உபவாசம், எத்தனை மணிக்கு எழுந்தாய் என்று குழுவில் கேட்டுக் குறித்துவைக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. கைக்குழந்தை வைத்திருக்கும் பெண் அங்கே தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார். மாற்கு 4-இல் ஆண்டவர் சொன்ன விதைக்கிறவன் இரவில் தூங்கி எழுகிறான், அவனுக்குத் தெரியாதவிதமாய் விதை முளைக்கிறது. முன்பு முளை, பின்பு கதிர், அப்புறம்தான் தானியம். முளையைப் பிடுங்கிப் பார்த்து வேரை அளக்க வேண்டாம். வளர்ச்சி தெரிய வேண்டுமானால், கோபம் வந்தபோது போன வருஷம் என்ன பேசினார், இந்த வருஷம் என்ன பேசினார் என்று அவர் மாமியாரைக் கேளுங்கள்.

சாட்சி நேரத்தில் வீடு, கார், வெளிநாடு மட்டும்

கேட்கிறவர்களில் பாதிப்பேர் அன்றைக்கு வீடு திரும்பும்போது, ஆண்டவர் தங்களை மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள். இன்னும் கிடைக்காதவருக்கும் சாட்சி சொல்ல இடம் கொடுங்கள்.

போதும் என்பதைத் தன் பரிசுத்தத்துக்கும் சொல்லிக்கொள்வது

இது வளர்ந்தவர்களுக்கு வருகிற தவறு. பொருளில் போதும் என்று வாழப் பழகினவர்கள், மெல்ல மெல்ல ஜெபத்திலும் அன்பிலும் போதும் என்று வந்துவிடுகிறார்கள். நான் இப்படித்தான், ஆண்டவர் என்னை இப்படியே ஏற்றுக்கொண்டார் என்கிறார்கள். நாக்கில் இருக்கும் காரம் இருபது வருஷமாக அப்படியே இருக்கிறது. பிலிப்பியர் நிருபத்திலேயே, மனரம்மியத்துக்கு ஒரு அதிகாரம் முன்னால், நான் அடைந்தாயிற்று என்று எண்ணாமல் ஆசையாய்த் தொடருகிறேன் என்கிறார் பவுல். சாப்பாட்டில் எதுவானாலும் சரி என்கிற அதே மனுஷன் கிறிஸ்துவை அறிகிறதில் அவ்வளவு பசியோடு இருக்கிறார். குழுவில் 4-ஆம் அதிகாரத்தைத் தொடங்கும் முன்பு 3-ஆம் அதிகாரத்தை நடத்திவிடுங்கள். இரண்டு வாரமாகப் பிரித்துக்கொள்ளலாம்.