ட்ரான்ஸ்டியூசர் பொருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: சிறு ஃபைபர் போட்டுகளுக்கு

போட் வேகமெடுத்ததும், ஒலியால் மீனையும் ஆழத்தையும் காட்டும் ஃபிஷ் ஃபைண்டர் திரையில் தரைக்கோடு (கடலடியைக் காட்டும் கோடு) அறுந்துபோகிறது, நிறுத்தினால் திரும்பி வருகிறது. இப்படி இருந்தால் பெரும்பாலும் கருவியில் பழுதில்லை. நீருக்குள் ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் ட்ரான்ஸ்டியூசரின் முகத்துக்கும் நீருக்கும் நடுவே காற்று புகுந்திருக்கிறது. நீரில் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும் ஒலி, காற்றுக்குமிழியில் பட்டால் ஏறக்குறைய முழுவதுமாக அங்கேயே திருப்பி அடிக்கப்படும். பிறகு 10 பாகம் (சுமார் 18 மீட்டர்) ஆழத்தில் இருக்கும் பாரும் (கடலடிப் பாறைத்திட்டு) தெரியாது, மீனும் தெரியாது. பொருத்துகையில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்தக் காற்றுக்குத்தான் வழிவிடுகின்றன.

முதல் தவறு இடத்தைத் தேர்வதில். கைக்கு எட்டுகிறது, வயர் போதுகிறது என்று பின்பலகையின் ஏதோ ஒரு மூலையில் மாட்டிவிடுகிறார்கள். போட்டைக் கரையில் வைத்து அடிப்பகுதியை அணியம் (முன்முனை) தொடங்கிக் கையால் தடவிப் பாருங்கள். நீளவாக்கில் ஓடும் விளிம்பு, ரிவெட், ஒட்டுப்போட்ட மேடு, தண்ணீர் உறிஞ்சும் துளை என எது தட்டுப்பட்டாலும் அதற்கு நேர் பின்னால் குமிழிகளின் கோடு ஒன்று வரும். அந்தக் கோட்டில் ட்ரான்ஸ்டியூசர் இருக்கக் கூடாது. ப்ரொப்பெல்லரிலிருந்து குறைந்தது 38 சென்டிமீட்டர் தள்ளியிருக்க வேண்டும். இந்த அளவை எஞ்சின் நேராக நிற்கும்போது மட்டும் எடுப்பது இன்னொரு தவறு. கைப்பிடியை இருபுறமும் முழுக்கத் திருப்பியும் எஞ்சினைத் தூக்கியும் இறக்கியும் பாருங்கள். பின்னால் நின்று பார்க்கையில் ப்ரொப்பெல்லர் கடிகார முள் திசையில் சுற்றினால் வலப்பக்கம்தான் நல்லது, அங்கே இறக்கைகள் கீழ்நோக்கி இறங்கும். எதிர்த்திசையில் சுற்றினால் இடப்பக்கம். மிகவும் ஓரமாகப் போனாலும் சிக்கல்தான்: போட் வளைந்து திரும்பும்போது அந்தப் பக்கம் நீரைவிட்டு எழும்பிவிடும்.

அடுத்தது உயரமும் சாய்வும். ஃபைபர் போட்டில் ட்ரான்ஸ்டியூசரின் முகம் அடிமட்டத்துக்குக் கீழே 3 மில்லிமீட்டர் நீட்டியிருந்தால் போதும். அலுமினியப் படகுக்கு 10 மில்லிமீட்டர். அடியோடு சமமாகவோ அதற்கு மேலேயோ வைத்தால் பின்பலகையை விட்டுப் பிரியும் நுரை முகத்தை மூடும். பயந்துகொண்டு 3, 4 சென்டிமீட்டர் இறக்கினால் பின்னால் தண்ணீர் பீய்ச்சும், பிராக்கெட் முறியும். முகம் நீர்மட்டத்துக்கு இணையாக இருக்கட்டும், பின்விளிம்பு மட்டும் 1 முதல் 3 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கலாம். முன்விளிம்பு தாழ்ந்தால் முகத்தின் கீழ் நீர் ஒட்டாமல் வெற்றிடம் உண்டாகும். இந்த மில்லிமீட்டர் கணக்கை அலட்சியம் செய்துவிட்டு விலை கூடிய கருவி வாங்குவதால் பயன் இல்லை. கடலில் வைத்துத் திருத்த வேண்டியிருக்கும் என்பதால் பிராக்கெட்டின் நீள்துளையில் திருகை நடுவில் வையுங்கள். மேலேயும் கீழேயும் நகர்த்த இடம் கிடைக்கும்.

துளையிடும்போது 4 மில்லிமீட்டர் பிட்டில் 25 மில்லிமீட்டர் தூரத்தில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள், ஆழம் தவறாது. மேல்பூச்சு சிதறாமலிருக்க ட்ரில்லை முதலில் எதிர்த்திசையில் ஓட்டித் தொடங்குங்கள். பல போட்டுகளில் பின்பலகையின் உள்ளே மரம் இருக்கும். துளையையும் திருகின் மரையையும் கடலுக்கான பாலியூரித்தேன் சீலன்ட்டால் நிரப்பாமல் முடுக்கினால், உள்ளே இறங்கும் நீர் அந்த மரத்தை உளுக்கச் செய்து எஞ்சின் மாட்டும் இடத்தையே பலவீனப்படுத்தும். திருகு 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். தடித்த பாலித்தீன் பலகை ஒன்றை (காய் நறுக்கும் வெள்ளைப் பலகையே ஆகும்) முதலில் பொருத்தி அதன்மேல் ட்ரான்ஸ்டியூசரை மாட்டினால், இடம் மாற்றும்போதெல்லாம் பின்பலகையைத் துளைக்க வேண்டாம்.

மணலில் ஏற்றி இழுக்கும் போட்டுகளுக்கு இதெல்லாம் செய்தும் பயன் குறைவு. அடிக்குக் கீழே நீட்டிக்கொண்டிருப்பது கரை ஏறும்போது தரையில் மோதும். இவற்றுக்கு ட்ரான்ஸ்டியூசரை நுனியில் பொருத்திப் பக்கவாட்டில் மாட்டிக் கழற்றும் பைப் ஏற்றது; அதை மெதுவாக ஓடும்போது மட்டும் இறக்குங்கள், கழன்றாலும் போகாதபடி கயிறு கட்டுங்கள். இல்லையென்றால் உள்ளிருந்தே அடித்தட்டில் ஒட்டிவிடலாம். அங்கே ஃபைபர் கெட்டியாக இருக்க வேண்டும். நடுவில் மரமோ ஃபோமோ இருந்தால் ஒலி கடக்காது. ஒட்டுவதற்கு முன் அந்த இடத்தில் சிறிது தண்ணீர் ஊற்றி, ட்ரான்ஸ்டியூசரை அதில் அமுக்கிப் பிடித்து ஆழம் பாருங்கள். பிறகு அதையே வெளியே நீரில் தொங்கவிட்டு ஒப்பிடுங்கள். ஒட்ட, மெதுவாக இறுகும் எபாக்ஸி மட்டுமே. சிலிகான் ஒலியை விழுங்கும், பிசைந்து ஒட்டும் எம்-சீலில் காற்று அடைபடும், யார்டில் கிடைக்கும் பாலியஸ்டர் ரெசின் சூடேறிச் சுருங்கும். எபாக்ஸியை ஊற்றி, ட்ரான்ஸ்டியூசரை மெல்லத் திருகியபடி அமுக்கிக் குமிழிகளை வெளியேற்றுங்கள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: இப்படிப் பொருத்தினால் திரை காட்டும் வெப்பநிலை நீருடையதாக இராது, போட்டின் இருபுறமும் காட்டும் பக்கக்காட்சி வசதி வேலை செய்யாது.

கேபிள் நீளமாக இருக்கிறதென்று வெட்டி ஒட்டாதீர்கள். மீதியைச் சுருட்டிக் கட்டுங்கள். எஞ்சினின் இக்னிஷன் வயரோடும் வி.எச்.எஃப். ரேடியோவின் ஆன்டெனா கேபிளோடும் சேர்த்து ஓட்ட வேண்டாம். மின்சாரம் நேரே பேட்டரியிலிருந்து, கையேடு சொல்லும் ஃபியூஸ் வழியாக.

நங்கூரம் போட்டு நிறுத்திய போட்டில் திரை தெளிவாக இருப்பதைப் பார்த்துவிட்டு வேலை முடிந்தது என்று கிளம்புவது பலரும் செய்யும் தவறு. முகத்தைச் சோப்பு நீரால் துடைத்துவிட்டு, வேகத்தைப் படிப்படியாகக் கூட்டிப் பாருங்கள். கோடு அறுந்தால் 3 மில்லிமீட்டர் இறக்கி மறுபடி ஓட்டுங்கள். திரையில் புள்ளிகள் வந்தால், போட்டை நிறுத்தி நியூட்ரலில் எஞ்சினை முடுக்குங்கள். அப்போதும் புள்ளிகள் கூடினால் கோளாறு வயரிங்கில். ஓடும்போது மட்டும் வந்தால் காற்றுதான், ட்ரான்ஸ்டியூசரை நகர்த்த வேண்டும்.