சின்னப் புத்தகக் கடையில் கேட்டு வாங்குவது எப்படி

குன்னூர், கோத்தகிரி பக்கம் சின்னப் புத்தகக் கடைக்குப் போனால் ‘நல்லதா ஒண்ணு கொடுங்க’ என்று மட்டும் கேட்காதீர்கள், அதற்குக் கடைக்காரர் எதைத்தான் எடுப்பார் பாவம். கடைசியாக ரசித்துப் படித்தது எது, பாதியில் மூடி வைத்தது எது, இரண்டையும் சொல்லுங்கள்; இரண்டாவதுதான் அவருக்கு அதிகம் உதவும்.

இந்த நீலகிரி மலையைப் பற்றி வேண்டுமென்றால், இங்கே வாழும் படகர் இன மக்களின் வாழ்க்கையைச் சொல்லும் ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித்தேன்’ இருக்கிறதா என்று கேளுங்கள். தேயிலைத் தோட்டக் கதை என்றால், பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969-இல் வந்த நாவலை இரா. முருகவேள் தமிழாக்கிய ‘எரியும் பனிக்காடு’. வால்பாறைப் பக்கத்துக் கதைதான், ஆனால் அட்டைக்கடி இங்கேயும் உண்டு.

அப்புறம், காசு கொடுக்குமுன் நடுப்பக்கத்தைப் பிரித்து மோந்து பாருங்கள். மழைக்காலத்தில் அலமாரியில் கிடந்ததென்றால் பூசணம் ஏறியிருக்கும், தயங்காமல் வேறு பிரதி கேளுங்கள்.