மஸ்ட், ஷுட், ஹேவ் டு: மலையிலிருந்து இங்கிலாந்து வருபவர்களுக்கு

குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கமிருந்து இங்கிலாந்துக்கு வேலைக்கு வருகிற நம் பிள்ளைகளில் பலர் ஆங்கிலம் நன்றாகவே பேசுகிறார்கள். ஆனால் வந்த புதிதில் எது யோசனை, எது கட்டளை என்பதில் தடுமாறிப் போகிறார்கள்.

நம் பேச்சில் எல்லாவற்றுக்கும் 'வேண்டும்' போதும். வெளியூர் வண்டி நீலகிரிக்குள் வர இ-பாஸ் எடுக்க வேண்டும். சாயங்காலம் தொட்டபெட்டா போனால் ஸ்வெட்டர் போட்டுக்கொள்ள வேண்டும். முதலாவது, உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வந்த விதி. இரண்டாவது அக்கறையில் சொல்வது. கேட்காவிட்டால் குளிரும், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் முன்னதற்கு ஹேவ் டு, பின்னதற்கு ஷுட்.

வண்டி ஓட்டப் போகிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். இங்கே குடியேறியதிலிருந்து 12 மாதம் வரை நம் ஊர் லைசென்ஸில் கார் ஓட்டலாம். ஓட்டத் தொடங்கும் முன்பே 'ஹைவே கோட்' என்ற இங்குள்ள சாலை விதிப் புத்தகத்தைப் படித்துவிடுங்கள். அதில் மஸ்ட் என்று வந்தால் சட்டம், மீறினால் குற்றம். கையில் போனைப் பிடித்துக்கொண்டு ஓட்டக் கூடாது என்பது அந்த வகை. முன்னால் போகிற வண்டிக்கும் நமக்கும் குறைந்தது இரண்டு விநாடி இடைவெளி விடச் சொல்வது ஷுட். அதை மீறியதற்காக மட்டும் வழக்கு வராது. ஆனால் விபத்து என்று ஆகிவிட்டால், 1988-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி அதையே உங்களுக்கு எதிராகக் கோர்ட்டில் எடுத்துக்காட்டலாம். பர்லியாறு இறக்கத்தில் லாரிக்குப் பின்னால் வந்து பழகியவர்களுக்கு இடைவெளியின் அருமையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

முதியோர் இல்ல வேலைக்கு வருகிறவர்கள் குழம்பவே கூடாத இடம் ஒன்று உண்டு. "யூ டோன்ட் ஹேவ் டு வேக் ஹெர்" என்றால் அந்த அம்மாவை எழுப்ப வேண்டியதில்லை, எழுப்பினாலும் தவறில்லை. "யூ மஸ்ட் நாட் வேக் ஹெர்" என்றால் எழுப்பவே கூடாது.

அப்புறம், சொல்கிற ஆள் யார் என்றும் பாருங்கள். மேலாளர் "யூ மைட் வான்ட் டு செக் தட்" என்றால் உங்கள் விருப்பம் என்று விட்டுவிடாதீர்கள், உடனே போய்ப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் "யூ மஸ்ட் கம் ஃபார் டின்னர்" என்றால் அது அன்பு. நாளும் நேரமும் சொல்லட்டும், போகலாம். நீங்கள் யோசனை சொல்லும்போது மஸ்ட் வேண்டாம், அதிகாரம் செய்வது போலக் கேட்கும். "ஐ திங்க் யூ ஷுட்" என்று தொடங்குங்கள். ஹேட் பெட்டர் இன்னும் காரம்: செய்யாவிட்டால் நல்லதில்லை என்ற எச்சரிக்கை அதில் இருக்கிறது. பெரியவர்களிடம் தவிர்த்துவிடுங்கள்.

நடந்து முடிந்ததை எழுதும்போதும் கவனம் தேவை. நேற்று செய்தே ஆக வேண்டியிருந்தது என்பதற்கு ஹேட் டு. மஸ்ட் ஹேவ் என்று எழுதினால் செய்திருப்பார் என்ற ஊகமாகிவிடும். ஷிஃப்ட் முடிந்து குறிப்பு எழுதுகிறவர் "ஐ ஷுட் ஹேவ் கிவன் த டேப்லெட்" என்று எழுதினால், மாத்திரை கொடுக்கவில்லை என்றுதான் அடுத்து வருபவர் புரிந்துகொள்வார். கொடுத்திருந்தால் "ஐ கேவ்" என்று மட்டும் எழுதுங்கள்.