கலிமா சொன்ன மறுநாள் என்ன செய்வது? இஸ்லாத்துக்குப் புதிதாக வந்தவருக்கு முதல் படிகள்

நான் கலிமா (இஸ்லாத்தை ஏற்கும் சாட்சி மொழி) சொன்னது ஒரு வியாழக்கிழமை, அந்தித் தொழுகையான மஃரிபுக்குப் பிறகு. பள்ளிவாசலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து கட்டித் தழுவினார்கள். அறைக்குத் திரும்பிக் கதவைச் சாத்தியபோதுதான் உறைத்தது: விடிந்தால் சுப்ஹு (விடியற்காலைத் தொழுகை), எனக்கோ ஒரு வரிகூட ஓதத் தெரியாது. எல்லாவற்றையும் பிழையறக் கற்றுக்கொண்டு பிறகு தொழலாம் என்று முடிவு செய்தேன். இருபது நாட்களுக்கு மேல் தொழாமலேயே கழிந்தன. அந்த நாட்களை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. நீங்கள் அப்படிக் காத்திருக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கலிமாவும் குளிப்பும்

"அஷ்ஹது அன் லாஇலாஹ இல்லல்லாஹ், வஅஷ்ஹது அன்ன முஹம்மதன் ரசூலுல்லாஹ்." வணக்கத்துக்குரியவன் அல்லாஹ்வைத் தவிர வேறு யாருமில்லை, முஹம்மது அல்லாஹ்வின் தூதர் என்று சாட்சி சொல்கிறேன் என்பது பொருள். இதை மனமறிந்து சொன்னவர் முஸ்லிம். இமாம் (தொழுகை நடத்துபவர்) முன்னால்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை. ஆனால் நாளை திருமணம், அடக்கம் என்று வரும்போது உங்களை முஸ்லிமாக அறிந்த நாலு பேர் இருப்பது நல்லது. அதற்காகவாவது பள்ளிவாசலில் ஒருமுறை சாட்சிகளோடு சொல்லிவிடுங்கள்.

பிறகு தலை முதல் கால் வரை நனையக் குளியுங்கள். கைஸ் இப்னு ஆஸிம் என்ற நபித்தோழர் இஸ்லாத்தை ஏற்றபோது தண்ணீராலும் இலந்தை இலையாலும் குளிக்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். நம் ஊர் வேலியோரத்தில் நிற்கும் இலந்தையின் இனம்தான் அது. அன்றைக்கு அழுக்கு நீக்கும் சோப்பு அந்த இலை.

பழைய பாவங்களை எண்ணிக் கலங்க வேண்டாம். இஸ்லாம் தனக்கு முன்னிருந்ததை அழித்துவிடுகிறது என்று அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) என்ற தோழரிடம் நபியவர்கள் சொன்னது இதே கலக்கத்துக்கான பதில்தான்.

அவசரமில்லாதவை

நான் கலிமா சொல்லி அரை மணி நேரம் ஆகியிருக்காது. ஒருவர் என் பெயரை மாற்றினார், இன்னொருவர் சுன்னத் எப்போது என்று கேட்டார், மூன்றாமவர் தாடியைப் பற்றிப் பேசினார். எல்லோரும் அன்பில்தான் சொன்னார்கள். ஆனால் எனக்கு மூச்சு முட்டியது.

பெயர் மாற்றம் கட்டாயமில்லை. நபித்தோழர்களான உமர், காலித், பிலால் எல்லாம் அவர்கள் இஸ்லாத்துக்கு வருமுன்பே இருந்த பெயர்கள். கெட்ட பொருளுடைய பெயர்களையும், அல்லாஹ் அல்லாதவருக்கு அடிமை என்று பொருள்படும் பெயர்களையும்தான் நபியவர்கள் பெரும்பாலும் மாற்றினார்கள். கத்னா (சுன்னத்) செய்வது நம் மார்க்கத்தில் உண்டு, ஆனால் உள்ளே நுழைவதற்கு அது நிபந்தனை அல்ல. மருத்துவரிடம் பேசி, உடல்நிலை பார்த்து, ஆற அமரச் செய்துகொள்ளலாம்.

சான்றிதழ்களில் பெயரையும் மதத்தையும் மாற்றுவதானால் தமிழ்நாட்டில் அரசிதழில் வெளியிட வேண்டும். அதற்கு முன் சட்டம் தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து பேசுங்கள். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி நிலை இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவருக்கு மட்டுமே. மதம் மாறியவர்களைப் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களாகக் கருத வழிசெய்யும் ஆணையைத் தமிழ்நாடு அரசு 2024இல் பிறப்பித்தது. படிப்பும் வேலையும் இதைத் தொட்டு நிற்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள்.

ஒளு

தொழுகைக்கு முன் செய்யும் சுத்தம் இது. குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் ஆறாம் வசனம் நான்கு உறுப்புகளைச் சொல்கிறது: முகம் கழுவுதல், முழங்கை வரை கைகள், தலையைத் தடவுதல், கணுக்கால் வரை கால்கள். மனத்தில் எண்ணி, பிஸ்மில்லாஹ் சொல்லி, மணிக்கட்டு வரை கைகளை மூன்று முறை கழுவுங்கள். வாய் கொப்பளித்து, மூக்குக்குத் தண்ணீர் செலுத்துங்கள். முகத்தை நெற்றி முடி விளிம்பிலிருந்து தாடை வரை கழுவுங்கள். வலக்கை, பிறகு இடக்கை. ஈரக்கையால் தலையைத் தடவி, காதுகளையும் துடையுங்கள். வலக்கால், பிறகு இடக்கால்.

பள்ளிவாசலில் ஒளுச் செய்யும் தொட்டியான ஹவ்ளில் முதல் நாள் நான் அவசரமாகக் காலைக் கழுவிவிட்டு எழுந்தேன். பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் எதுவும் சொல்லவில்லை. தன் இடக்காலைச் சற்று முன்னால் நீட்டி, சுண்டுவிரலை ஒவ்வொரு கால்விரல் இடுக்கிலும் நுழைத்துத் தேய்த்தார். குதிகாலைத் திருப்பி, உலர்ந்திருந்த இடத்தில் தண்ணீர் விட்டார். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் இன்னொரு முறை மெதுவாகச் செய்தார். நான் திரும்ப உட்கார்ந்து என் குதிகாலைப் பார்த்தேன். அது வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது.

ஐந்து வேளை, பதினேழு ரக்அத்

நின்று, குனிந்து, தரையில் பணியும் ஒரு சுற்றுதான் ரக்அத். சுப்ஹு 2, லுஹர் (நண்பகல்) 4, அஸர் (பிற்பகல்) 4, மஃரிப் 3, இஷா (இரவு) 4. இவை கடமையானவை. சுன்னத்துகளை (கடமையல்லாத கூடுதல் தொழுகைகளை) பின்னர் சேர்த்துக்கொள்ளலாம். நம் ஊரிலிருந்து கிப்லா (தொழும்போது நோக்கும் மக்காவின் திசை) மேற்கே, சற்று வடக்குப் பக்கம் சாய்ந்து இருக்கிறது.

நின்று, கைகளை உயர்த்தி "அல்லாஹு அக்பர்" சொல்லிக் கைகட்டுங்கள். பாத்திஹா (குர்ஆனின் முதல் அத்தியாயம்) ஓதி, பிறகு ஒரு சிறிய சூரா (அத்தியாயம்) ஓதுங்கள். குனிந்து முழங்காலைப் பிடித்து "சுப்ஹான ரப்பியல் அளீம்" மூன்று முறை, இது ருகூ. "ஸமிஅல்லாஹு லிமன் ஹமிதா" என்று நிமிர்ந்து, "ரப்பனா லகல் ஹம்து" சொல்லுங்கள். பிறகு ஸஜ்தா. நெற்றியும் மூக்கும், இரு உள்ளங்கைகள், இரு முழங்கால்கள், இரு பாதங்களின் விரல்கள் தரையில் பட வேண்டும். "சுப்ஹான ரப்பியல் அஃலா" மூன்று முறை. எழுந்து அமர்ந்து, மறுபடி ஒரு ஸஜ்தா. ஒரு ரக்அத் முடிந்தது. இரண்டாவது ரக்அத்தின் முடிவில் அமர்ந்து அத்தஹிய்யாத் என்ற துதியை ஓத வேண்டும். கடைசி இருப்பில் அதோடு நபிக்கான வாழ்த்தாகிய ஸலவாத்தும் ஓதி, வலப்பக்கமும் இடப்பக்கமும் ஸலாம் கொடுத்து முடிப்பது.

இதெல்லாம் தெரியாத முதல் வாரம்? நான் அறியாமல் போனது இதைத்தான். குர்ஆனிலிருந்து எதையும் மனனம் செய்ய முடியவில்லை என்று ஒருவர் வந்து நின்றபோது, "சுப்ஹானல்லாஹ், வல்ஹம்துலில்லாஹ், வலாஇலாஹ இல்லல்லாஹு, வல்லாஹு அக்பர், வலாஹவ்ல வலாகுவ்வத இல்லா பில்லாஹ்" என்று சொல்லும்படி நபியவர்கள் கற்றுக்கொடுத்தார்கள். ஆக, இன்று சுப்ஹுக்கே நீங்கள் நிற்கலாம். தெரிந்ததைச் சொல்லி நில்லுங்கள், குனியுங்கள், ஸஜ்தா செய்யுங்கள். ஜமாஅத்தோடு (கூட்டாகத் தொழுபவர்களோடு) நின்றால் இமாமைப் பின்தொடர்ந்தாலே வரிசை பிடிபட்டுவிடும். இடையிடையே பாத்திஹாவின் ஏழு வசனங்களை நாளுக்கு ஒன்றாக மனத்தில் ஏற்றுங்கள். ஒரு வாரத்தில் அது உங்களுடையது.

மனனம் செய்யும்போது தமிழ் எழுத்தை மட்டும் நம்பாதீர்கள். நானும் ஒரு தாளில் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். அரபியில் இருதயத்துக்கும் கல்பு, நாய்க்கும் கல்பு என்றுதான் நம் எழுத்தில் வரும். உண்மையில் அவை வேறு வேறு எழுத்துகள். முன்னது அடிநாக்கில் பிறக்கிறது. அல்ஹம்துவின் "ஹ" தொண்டையின் நடுவிலிருந்து உரசி வரவேண்டும். அல்லாஹ்வின் "ஹ்" வேறு. (காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நம் முன்னோர் தமிழையே அரபு எழுத்தில் எழுதி வைத்தார்கள். அவர்களும் தமிழ் ஒலிகளுக்காகச் சில எழுத்துகளைப் புதிதாக ஆக்க வேண்டியிருந்தது.) தாளை நினைவுக்கு வைத்துக்கொண்டு, ஓதலைக் காதால் கேளுங்கள். ஓதக் கற்றுத்தரும் உஸ்தாத் ஒருவரிடம் பத்து நிமிடம் உட்கார்ந்து ஓதிக் காட்டுங்கள். நாக்குத் தடுக்கித் தடுக்கிச் சிரமப்பட்டு ஓதுபவருக்கு இரண்டு கூலி என்று ஹதீஸ் (நபிமொழி) இருக்கிறது.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. மாதவிடாய் நாட்களில் தொழுகை இல்லை, அதைப் பிறகு திருப்பித் தொழவும் வேண்டாம். விட்ட ரமலான் நோன்புகளை மட்டும் பின்னால் நோற்க வேண்டும். நம் ஊர்ப் பள்ளிவாசல்கள் பலவற்றில் பெண்களுக்கு இடமில்லை என்பது எனக்கு வருத்தமான விஷயம். இருக்கும் இடத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தொழுகையும் ஓதலும் கற்றுத்தர ஓர் ஆலிமா (மார்க்கம் கற்ற பெண்) கிடைத்தால் விடாதீர்கள்.

ஒருவர் ஒருவிதம் சொன்னால்

கையைத் தொப்புளுக்குக் கீழே கட்டச் சொல்வார் ஒருவர். மேலே கட்டச் சொல்வார் இன்னொருவர். நெஞ்சில்தான் என்பார் மூன்றாமவர். ஆமீனைச் சத்தமாகச் சொல்வது ஓரிடம், மெதுவாகச் சொல்வது இன்னோரிடம். கடற்கரை ஊர்களில் ஷாஃபி மத்ஹபு (மார்க்கச் சட்டப் பிரிவு), உள்நாட்டில் பெரும்பாலும் ஹனஃபி. அஸர் நேரமே இரண்டுக்கும் வேறுபடும். இவை அறிஞர்களுக்கிடையே நூற்றாண்டுகளாக இருக்கும் கருத்து வேறுபாடுகள். முதல் ஆறு மாதம் உங்களுக்குப் பொறுமையாகக் கற்றுத்தரும் ஒரே ஆசிரியரைப் பின்பற்றுங்கள். மற்றவர்களோடு வாதத்துக்கு நிற்காதீர்கள்.

வீடு

இதுதான் எல்லாவற்றிலும் கடினமானது. இணைவைக்கச் (அல்லாஹ்வோடு வேறொன்றையும் வணங்கச்) சொன்னால் பெற்றோருக்குக் கட்டுப்படாதே, ஆனால் உலகில் அவர்களோடு நல்லமுறையில் பழகு என்று குர்ஆனின் லுக்மான் அத்தியாயம் சொல்கிறது. இஸ்லாத்தை ஏற்காத தாய் தன்னைப் பார்க்க வந்தபோது, உறவைப் பேணலாமா என்று நபித்தோழி அஸ்மா (ரலி) நபியவர்களிடம் கேட்டார். பேணு என்றே பதில் கிடைத்தது. எனவே வீட்டைவிட்டு ஓடாதீர்கள். படங்களைக் கழற்றச் சொல்லிச் சண்டை போடாதீர்கள். அது அவர்கள் வீடு.

அம்மா வைத்த சாம்பார் ஹராம் ஆகிவிடாது. படைத்ததை உண்ண முடியாது என்றால், "இது மட்டும் வேண்டாம்மா, ரசம் ஊற்று" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து சாப்பிடுங்கள். பக்கத்தில் உட்கார்வதை நிறுத்திவிட்டால் அவர்களுக்குப் பிள்ளை போய்விட்டதாகவே தோன்றும். என் அம்மா நான்கு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. பிறகொரு நாள் அஸர் நேரத்தில், நான் தரையில் விரித்த துண்டு ஈரமாக இருப்பதைப் பார்த்து, பீரோவிலிருந்து புதுப் போர்வையை எடுத்துப் போட்டு, "இதில் கும்பிடு தம்பி" என்றார்.

முதல் ஜும்ஆ

நோன்பு ரமலான் வரும்போது பார்த்துக்கொள்ளலாம். ஜகாத் (கட்டாயக் கொடை), நிஸாப் (அதற்கான குறைந்தபட்ச) அளவுச் செல்வம் ஓர் ஆண்டு கையில் தங்கினால்தான்; அப்போது இரண்டரை விழுக்காடு. ஜும்ஆ (வெள்ளிக்கிழமை நண்பகல் கூட்டுத் தொழுகை) அப்படியல்ல. ஆண்களுக்கு வருகிற வெள்ளிக்கிழமையே இருக்கிறது.

குளித்து, சீக்கிரம் போங்கள். உள்ளே நுழையும்போது வலக்காலை முதலில் வையுங்கள். பல ஊர்களில் முதலில் தமிழில் பயான் (மார்க்கப் பேச்சு) நடக்கும், பிறகு மிம்பர் என்ற மேடையில் குத்பா (ஜும்ஆவுக்கு உரிய உரை). குத்பா நடக்கும்போது பேசக் கூடாது, கைப்பேசியையும் நோண்டக் கூடாது. அது முடிந்ததும் இரண்டு ரக்அத். தொழுகை தொடங்கிய பிறகு வந்து சேர்ந்தால் ஓடாதீர்கள். நடந்து வந்து, "அல்லாஹு அக்பர்" என்று தக்பீர் கட்டி, இமாம் இருக்கும் நிலையில் சேர்ந்துகொள்ளுங்கள். ருகூவில் சேர்ந்துவிட்டால் அந்த ரக்அத் கிடைத்துவிட்டது. தவறவிட்ட ஒரு ரக்அத்தை இமாம் ஸலாம் கொடுத்த பிறகு எழுந்து தொழுது முடிக்க வேண்டும். இரண்டாவது ரக்அத்தின் ருகூவும் தவறிவிட்டால், ஷாஃபி மத்ஹபின்படி எழுந்து லுஹருக்கு உரிய நான்கையும் தொழ வேண்டும்; ஹனஃபியில், இமாம் ஸலாம் கொடுக்குமுன் சேர்ந்திருந்தால் இரண்டே போதும். சுற்றிலும் மற்றவர்கள் ஸலாம் கொடுத்து எழத் தொடங்கியிருப்பார்கள். உங்கள் முன்னால் குறுக்கே போகாமல் காத்து நிற்பார்கள். நிதானமாக முடித்துவிட்டு எழுங்கள்.