ரான்ச் வீட்டுக்குக் குடிபோனவுடன் முதலில் திரைச்சீலை

அமெரிக்காவில் 1950, 60களில் கட்டிய ரான்ச் வீடு (மாடியில்லாமல் நீளவாக்கில் இருக்கும் வீடு) ஒன்றை வாங்கிக் குடிபோயிருக்கிறீர்களா? உடனே சோபா வாங்க ஓடாதீர்கள், முதலில் சீலிங்கைப் பாருங்கள். இந்த வீடுகளில் அது பெரும்பாலும் 8 அடிதான், வெளியே கூரையும் ஜன்னலைத் தாண்டி நீண்டு இறங்கியிருக்கும், அதனால் பகலிலேயே உள்ளே கொஞ்சம் மங்கலாகத் தெரியும்.

திரைச்சீலைக் கம்பியை ஜன்னல் சட்டத்தை ஒட்டி அடிக்காமல், சீலிங்குக்கு ஓரிரு அங்குலம் கீழே அடித்துத் துணியைத் தரைவரை தொங்கவிடுங்கள். கம்பி ஜன்னலைவிட இரண்டு பக்கமும் அரை அடியாவது நீண்டிருந்தால், திறக்கும்போது துணி சுவர்மேல் ஒதுங்கிவிடும், கண்ணாடி முழுவதும் வெளிச்சத்துக்குத்தான். செலவு குறைவு, ஆனால் அறையே உயர்ந்த மாதிரி இருக்கும்! ஜன்னலுக்குக் கீழே பேஸ்போர்டு ஹீட்டர் (சுவரின் அடியில் தரையை ஒட்டி நீளமாக இருக்கும் ஹீட்டர்) இருந்தால் மட்டும் நீளத் துணி வேண்டவே வேண்டாம், தீப்பிடிக்கலாம்.

அப்புறம், சீலிங்கை முட்டும் அலமாரிகளைவிடத் தாழ்வான, கால் தெரிகிற சாமான்கள்தான் இங்கே பொருந்தும். படுக்கையறைகளுக்குப் போகும் அந்த நீண்ட நடைவழிக்கு வெளிர் நிறமும் இரண்டு மூன்று விளக்கும் போதும்.

வீடு 1978க்கு முன் கட்டியது என்றால் பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். சோதித்துப் பார்க்காமல் சுரண்டாதீர்கள், உப்புத்தாள் போடாதீர்கள், முக்கியமாகச் சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில்.