பிலிப்பைன்ஸ் குடும்பப் படமொன்றை நிறைகுறை பார்த்து எழுதுவது எப்படி?

வேலூரில் நண்பர்கள் கூடிப் படம் பார்த்துவிட்டுப் பேசும்போது, பிலிப்பைன்ஸின் சுயாதீனக் குடும்பப் படங்களைப் பற்றி, ‘நகரவே மாட்டேன் என்கிறது’, ‘கேமரா ஆடுகிறது’ என்ற இரண்டு புகார்களே பெரும்பாலும் எழுகின்றன. இவை பார்த்தவரின் அலுப்பைச் சொல்லுமே தவிர, படத்தின் குறையைச் சொல்லிவிடா. முறையாக எழுத விரும்புவோர், படத்தில் பணம் கைமாறும் இடங்களை முதலில் குறித்துக்கொள்வது நல்லது.

பிரில்லான்டே மெண்டோசா இயக்கி, 2009இல் வெனிஸ் திரைப்பட விழாவில் போட்டியிட்ட ‘லோலா’வை எடுத்துக்கொள்வோம், பிலிப்பைன்ஸின் தகலாக் மொழியில் லோலா என்றால் பாட்டி. ஒரு பாட்டியின் பேரனைக் கொன்றதாக இன்னொரு பாட்டியின் பேரன் பிடிபடுகிறான். ஒருத்தி அடக்கச் செலவுக்கும், மற்றவள் பேரனை வெளியே கொண்டுவரவும் காசு தேடி அலைய, கடைசியில் வழக்கு பணத்தின் பேரில் ராஜியாகிறது. குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கத்துப் பஞ்சாயத்துகளைப் பார்த்து வளர்ந்தவர்கள், ‘உயிருக்கு விலையா?’ என்று உடனே கொதித்துவிடாமல், அந்தத் தொகையை வாங்கும் நிலைக்கு அக்கிழவியைப் படம் எவ்வாறு படிப்படியாகக் கொண்டுசெல்கிறது என்று பார்க்க வேண்டும். அவ்வாறு பார்த்தால், யாரையும் வில்லனாக்காமல் இருவர் பக்கமும் நம்மை நிற்கவைப்பதே இப்படத்தின் பெரும்பலம் என்பது விளங்கும். பாட்டிகளாக வரும் அனிதா லிண்டா, ருஸ்திகா கார்பியோ இருவரும் அழுகையை அடக்கி நடித்திருப்பது அதற்குத் துணைநிற்கிறது.

அடுத்து, நீண்ட காட்சிகளைச் சோதிக்க வேண்டும். தொடக்கத்தில், பேரன் கொலையுண்டு விழுந்த இடத்தில் மூதாட்டி மெழுகுவத்தி ஏற்றப் பார்க்கிறாள். காற்றும் மழையும் விடுவதாக இல்லை, அவளும் விடுவதாக இல்லை. காட்சி நீள நீள அவளுடைய பிடிவாதம் நமக்குப் பழகுவதால், இங்கே நீளம் நிறையே. ஆனால் பாட்டிகளின் முதுகுக்குப் பின்னாலேயே கேமரா நடக்கும் தெருக்காட்சிகள் சில, முன்பே தெரிந்த களைப்பைத்தான் திரும்பக் காட்டுகின்றன. என் கணக்கில் அவை குறை.

வறுமையைத் திரைப்பட விழாக்களுக்கென்று காட்சிப்பொருளாக்குகிறார்கள் என்ற குற்றச்சாட்டு இவ்வகைப் படங்கள்மீது அடிக்கடி வைக்கப்படுகிறது. வறண்ட பாலாற்றையே பார்த்துப் பழகிய நமக்கு, கதை நடக்கும் மாலபோன் நகரின் வெள்ளத்தில் சவ ஊர்வலம் படகில் போவது விசித்திரமாகத் தோன்றலாம். ஆயினும் அத்தாழ்நிலப் பகுதியில் வெள்ளம் வழக்கமான ஒன்று. படத்து மாந்தர் எவரும் அதை வியப்பதில்லை. மாந்தருக்கு அங்கே வேலை முடிந்த பிறகும் கேமரா குப்பையையும் சேற்றையும் மேய்ந்துகொண்டிருந்தால் மட்டுமே அக்குற்றச்சாட்டை எழுதலாம்.

இரு பேரன்களின் பாத்திரங்களும் மெலிந்தவை. குறிப்பாக, இறந்தவன் எப்படிப்பட்டவன் என்பது கடைசிவரை நமக்குப் பிடிபடுவதில்லை. படம் பாட்டிகளுடையது என்று சமாதானம் சொல்லலாம்தான். இருந்தாலும், இழப்பின் கனத்தைக் குறைத்துவிடும் இக்குறையை விமர்சனத்தின் கடைசி வரிக்குத் தள்ளாமல், ராஜிக் காட்சியைப் பேசும் இடத்திலேயே எழுத வேண்டும்.