பெரிய எண் பகா எண்ணா? தாளிலேயே சோதிக்கலாம் வாங்க

ரஃப் நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்புக் கணக்கு தெரிந்தால் போதும்.

படி 1: முதலில் நம்ம மதுரை தலைமை அஞ்சலகத்தின் பின்கோடு, 625001. இரட்டை எண் இல்லை, 5-இல் முடியவில்லை. இலக்கங்களின் கூட்டுத்தொகை 14, ஆகவே 3-ஆலும் வகுபடாது. அடுத்து 7, 11, 13 மூன்றையும் ஒரே வீச்சில் பார்த்துவிடலாம். மும்மூன்று இலக்கமாகப் பிரித்துக் கழியுங்கள்: 625 − 1 = 624. 7 × 11 × 13 = 1001 அல்லவா? 625001 = 625 × 1001 − 624. எனவே அந்த மூன்றில் எது 624-ஐ வகுக்கிறதோ, அது 625001-ஐயும் வகுக்கும். 624 = 13 × 48. ஆக 625001 = 13 × 48077, பகு எண்.

13 மாட்டாமல் போயிருந்தால்? வர்க்கமூலம் 790 சொச்சம். அதுவரை உள்ள 138 பகா எண்களில் வகுக்கும் ஒன்று கிடைக்கும்வரை போய்க்கொண்டே இருக்க வேண்டும். பத்து இலக்கமுள்ள 2³¹ − 1, அதாவது 2147483647-க்கு இப்படி நாலாயிரத்துக்கும் மேற்பட்ட வகுத்தல்கள் வரும். அது பகா எண்தான் என்று 1772-இல் கணித மேதை ஆய்லர் காட்டினார்.

படி 2: இனி காரணி தேடி வகுக்கவே வேண்டாம். 2-இன் அடுக்கிலிருந்து 1 குறைந்த எண்களுக்குத் தனிச் சோதனை உண்டு, பெயர் லூகாஸ்–லெமர். அடுக்கு 2-ஐவிடப் பெரிய பகா எண்ணாக இருக்க வேண்டும்.

2⁷ − 1 = 127-ஐ எடுப்போம். 4-இல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி 2-ஐக் கழியுங்கள், 127-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடுக்கைவிட 2 குறைவாக, அதாவது 5 முறை செய்ய வேண்டும்.

4² − 2 = 14
14² − 2 = 194, மீதி 67
67² − 2 = 4487, மீதி 42
42² − 2 = 1762, மீதி 111
111² − 2 = 12319, இது சரியாக 127 × 97, மீதி 0

கடைசியில் 0 வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண். ஒரு காரணியைக்கூடத் தேடாமல் முடிவு கிடைத்துவிடுகிறது! எனக்கு இந்தக் கணக்கில் மிகவும் பிடித்த இடம் இதுதான். 2¹¹ − 1 = 2047-க்கு இதே வேலையை 9 முறை செய்தால் 1736 மிஞ்சும். பகு எண் என்று தெரிந்துவிட்டது, ஆனால் காரணிகள் 23, 89 என்பதை இந்தச் சோதனை சொல்லாது.

2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 என்ற பகா எண்ணையும் இதே சோதனையால்தான் உறுதிசெய்தார்கள். அதில் 4 கோடியே 10 லட்சத்து 24 ஆயிரத்து 320 இலக்கங்கள்!

படி 3: சரி, நீங்களே 2¹³ − 1 = 8191-ஐப் போட்டுப் பாருங்கள், 11 முறை. முதலில் 14, 194, 4870, 3953 என்று வர வேண்டும். பத்தாவது மீதி 128 வந்தால் கணக்கு சரியாகப் போகிறது, அடுத்த வரியில் 0 வந்துவிடும்.